நிறம் பிரிக்கும் இயந்திரமும் ‘திறனற்ற’ கைகளும்: டெல்டா அரிசி ஆலைகளில் நடப்பது என்ன?

கடையில் அரிசிப் பை வாங்குவோர் அதன் முகப்பில் ‘சார்டெக்ஸ்’ என்னும் சொல்லை இப்போது அடிக்கடி காண்கிறார்கள். பொன்னி, ஐ.ஆர்.20 போல அதுவும் ஒரு நெல் ரகம் என்று எண்ணிக்கொள்வோர் உண்டு. உண்மையில் அது பிரிட்டனில் தோன்றி, இன்று சுவிட்சர்லாந்தின் பூலர் நிறுவனத்திடம் உள்ள ஓர் இயந்திரத்தின் வணிகப் பெயர். ஜப்பானின் சடாகே, சீன நிறுவனங்கள், உள்நாட்டு உற்பத்தியாளர்கள் எனப் பலரும் இத்தகைய இயந்திரங்களை விற்கிறார்கள். எவருடைய இயந்திரத்தில் அரிசி இறங்கி வந்தாலும் ‘சார்டெக்ஸ்’ என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. கறுப்பு அரிசியும் பழுப்பு அரிசியும் கல்லும் நெல்லும் கலவாதது என்பதற்கான உத்தரவாதமாக அச்சொல் அச்சிடப்படுகிறது.

இதற்குமுன் அந்த உத்தரவாதத்தைத் தந்தவர்கள், முறத்தோடு ஆலைத் தரையில் அமர்ந்திருந்த பெண்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் அரவை ஆலைகளில் அவர்களுள் பெரும்பாலோர் சேரிகளிலிருந்து வந்த தலித் பெண்கள். அவர்கள் பெயரோ அவர்கள் செய்த வேலையின் பெயரோ எந்தப் பையிலும் அச்சேறியதில்லை. இயந்திரம் வந்ததும் அவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டவரும் மிகச் சிலரே. சிறு ஆலைகளில் எண்மத் தொழில்நுட்பம் நுழைவது குறித்து இன்று நடக்கும் பேச்செல்லாம் உற்பத்தித்திறன், ஏற்றுமதித் தரம், மின்செலவு, கடன் தவணை ஆகியவற்றைச் சுற்றியே அமைகிறது. தொழிலாளரைப் பற்றிய பேச்சு வரும்போதும் ‘திறன் இடைவெளி’ என்ற ஒரே சொல்லோடு முடிந்துவிடுகிறது. தொழிலாளரிடம் திறன் இல்லை, அதைப் புகட்ட வேண்டும் என்பது அச்சொல்லின் உட்பொருள். இந்த உட்பொருளைத்தான் நாம் கேள்விக்குள்ளாக்க விரும்புகிறோம்.

நிறம் பிரிக்கும் இயந்திரம் வேலை செய்யும் விதத்தை முதலில் பார்த்துவிடுவோம். தீட்டி முடித்த அரிசி சரிவான தடங்களின் வழியே மெல்லிய விழுதாக இறங்குகிறது. இருபுறமும் விளக்கொளி. இருபுறமும் கேமரா. ஒவ்வொரு மணியின் படமும் கணநேரத்தில் எடுக்கப்பட்டு, ‘நல்ல அரிசி’ என்று முன்கூட்டியே பதிந்து வைத்த அளவோடு ஒப்பிடப்படுகிறது. ஒவ்வாத மணி கடக்கும் அதே நொடிப்பிளவில் ஒரு சிறு வால்வு திறந்து, அழுத்தப்பட்ட காற்று அதனைத் தனிக் குழாய்க்குள் தள்ளிவிடுகிறது. இவ்வளவே அதன் வேலை. ஆனால் ‘நல்ல அரிசி’ எது என்பதை இயந்திரம் தானாக அறிவதில்லை. அதை யாரோ ஒருவர் திரையில் விரலால் தொட்டு அமைத்துத் தர வேண்டியிருக்கிறது. உணர்திறனைக் கூட்டினால் கறுப்பு மணிகளோடு நல்ல அரிசியும் கழிவுக்குள் விழும், ஆலைக்கு நட்டம். குறைத்தால் கறுப்பு மணி பைக்குள் போகும். சரக்கு திரும்பி வரும். புழுங்கல் அரிசியே இயல்பில் சற்று மஞ்சள் தோய்ந்தது. எந்த மஞ்சள் புழுங்கலின் நிறம், எந்த மஞ்சள் ஈரத்தில் கெட்ட நெல்லின் நிறம் என்று பிரித்தறிவது கண்ணின் பழக்கம். மழையில் நனைந்த குறுவை நெல்லுக்கு வைத்த அளவு தை மாதத்துச் சம்பா நெல்லுக்கு ஆகாது. ஒவ்வொரு ரகத்துக்கும், ஒவ்வொரு பருவத்துக்கும், சில சமயம் ஒவ்வொரு லாரிச் சுமைக்கும் அளவை மாற்ற வேண்டும்.

ஆலைக்குள் இந்தப் பழக்கம் யாரிடம் இருந்தது? இருபது முப்பது ஆண்டுகள் அரிசி பொறுக்கிய பெண்களிடம். திரைக்கு முன் அமர்த்தப்பட்டவர் யார்? இயந்திரம் விற்ற நிறுவனத்தாரிடம் சில நாள் பயிற்சி பெற்ற, பெரும்பாலும் உரிமையாளரின் உறவிலிருந்தோ ஊர்த்தெருவிலிருந்தோ வந்த இளைஞர். அவருக்குத் திரை தெரியும். அரிசி தெரிய நாளாகும். அரிசி தெரிந்தவர்களோ வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள்.

முறத்தின் அறிவு

முறத்தால் செய்யும் வேலைக்குத் தமிழில் எத்தனை சொற்கள் உள்ளன என்று எண்ணிப் பார்க்கலாம். உமியும் தூசியும் பறக்க மேலெழுப்பித் தட்டுவது புடைத்தல். பக்கவாட்டில் அலைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றை ஒதுக்குவது கொழித்தல். மெல்ல அசைத்து நொய்யையும் மாவையும் பிரித்தெடுப்பது தெள்ளுதல். கல்லையும் நெல்லையும் ஓரத்துக்குக் கொண்டுவருவது நாவுதல். வட்டாரத்துக்கு வட்டாரம் இச்சொற்களின் பொருள் சற்றே நகரும். நேம்புதல் என்று இன்னொரு சொல் வழங்கும் ஊர்களும் உண்டு. மணியின் எடை, பருமன், வடிவு ஆகியவற்றை மணிக்கட்டின் அசைவால் வகைபிரிக்கும் இந்த வேலையை நம் மொழி இத்தனை வினைச்சொற்களால் பெயரிட்டு வைத்திருக்கிறது. கூலிப் பட்டியல்களில் மட்டும் அது ‘திறன் பெறாத வேலை’.

நெல் அவிப்பதும் உலர்த்துவதும் அப்படியே. தொட்டியில் ஊறிய நெல் ஆவியில் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதை உமி வாய்விடும் தோற்றத்தைக் கொண்டும், விரலிடையே நசுக்கிப் பார்த்தும் அறிந்தார்கள். களத்தில் பரப்பிய நெல்லைக் காலால் துழாவிச் சால்போல் ஓடவிட்டு, வெயிலின் கடுமைக்கேற்பத் திருப்பிவிட்டு, பிற்பகலில் ஒரு மணியைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்து, அந்த ஓசையிலிருந்தே குவிக்கலாமா இன்னும் ஒரு வெயில் வேண்டுமா என்று சொன்னார்கள். அதிகம் காய்ந்தால் அரவையில் குருணை மிகும். குறைந்தால் அரிசி நசுங்கும். நெல் அரைத்துத் தருவோர் நூறு பங்கு நெல்லுக்குப் பச்சரிசியானால் 67 பங்கும் புழுங்கலானால் 68 பங்கும் திருப்பித் தர வேண்டும் என்பது அரசுக் கொள்முதலின் விதி. அந்த 68 பங்கு வந்து சேர்ந்ததில் களத்துப் பெண்ணின் பல்லுக்கும் பாதத்துக்கும் பங்கு இருந்தது.

இங்கு ஒரு சட்ட வேறுபாட்டைச் சுட்ட வேண்டும். அதே ஆலையில் கொதிகலன் இயக்குபவருக்குச் சான்றிதழ் வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள் கூறின. ஆவியை உண்டாக்குபவர் சான்று பெற்ற பணியாளர் ஆனார். அந்த ஆவியில் நெல் பதமாக வெந்ததா என்று சொன்ன பெண் கூலியாளாகவே இருந்தார். வெடிக்கக்கூடிய கொதிகலனுக்குச் சான்றிதழ் தேவை என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஒரு வேலை ‘திறன்’ ஆவதும் ஆகாததும் அந்த வேலையின் நுட்பத்தால் மட்டும் தீர்மானமாவதில்லை என்பதற்கு இதைவிட அருகில் சான்று தேட வேண்டியதில்லை என்பதே நாம் சொல்ல வருவது.

சமைத்த சோற்றுக்குத் தீட்டு பார்த்த சாதிச் சமூகம் நெல்லுக்கும் பச்சை அரிசிக்கும் தீட்டு பார்த்ததில்லை. பார்த்திருந்தால் தஞ்சை மிராசுகளின் பத்தாயங்கள் காலியாகவே கிடந்திருக்கும். நடவிலிருந்து அறுவடை, தூற்றல், குத்தல், புடைத்தல் வரை எல்லாவற்றையும் பறையர், பள்ளர் சேரிகளின் கைகளுக்கே விட்டுவிட்டு, உலை ஏறும் இடத்தில் கோடு போட்ட ஏற்பாடு அது.

குந்தாணியிலிருந்து கேமரா வரை

இந்த வேலையை இயந்திரம் பறிப்பது முதன்முறையும் அல்ல. உரலிலும் குந்தாணியிலும் கைக்குத்தலாக அரிசி ஆன காலத்தில் குத்துக் கூலி, உழைக்கும் பெண்களின் வீட்டு வருமானத்தில் ஒரு பகுதியாக இருந்தது. ஹல்லர் இயந்திரங்கள் சிற்றூர்களுக்கு வந்தபோது அந்தக் கூலி கரைந்தது. கைக்குத்தல் அரிசியைக் காக்க வேண்டும் என்று வாதாடியவர்களுள் முதன்மையானவரான ஜே.சி.குமரப்பா 1892-இல் தஞ்சாவூரில் பிறந்தவர். காந்தியக் கிராமத் தொழில் இயக்கத்தின் பொருளியல் அறிஞராக அவர் ஆலை அரிசியை எதிர்த்தார். தவிடு நீங்கிய அரிசியின் சத்துக் குறைவையும் வேலை இழப்பையும் காரணமாகக் காட்டினார். அவருடைய அக்கறையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் உலக்கை பிடித்த கையில் காய்ப்பேறிய பெண்ணின் நிலையிலிருந்து பார்த்தவர் அண்ணல் அம்பேத்கர். காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்பதை ஆராய்ந்த 1945-ஆம் ஆண்டு நூலில், இயந்திரத்தை மறுக்கும் காந்தியப் பொருளியலை அவர் வன்மையாக மறுத்தார். மனிதனை விலங்கின் உழைப்பிலிருந்து மீட்டு ஓய்வையும் பண்பாட்டு வாழ்வையும் தரக்கூடியது இயந்திரம் என்பதும், குறை இயந்திரத்தில் இல்லை, அதன் பலன் யாருக்குச் சேர்கிறது என்ற சமூக ஏற்பாட்டில் உள்ளது என்பதும் அவருடைய நிலைப்பாடு. நம் நிலைப்பாடும் அதுவே. தூசியில் குனிந்தமர்ந்து நாளெல்லாம் கறுப்பு மணி பொறுக்குவதும், கொதிக்கும் நெல்லை அள்ளிக் களத்தில் கொட்டுவதும் எவருக்கும் என்றென்றைக்கும் விதிக்கப்பட வேண்டிய வேலைகள் அல்ல. சென்னையை அடுத்த செங்குன்றம் பகுதி அரிசி ஆலைகளிலிருந்து இருளர் பழங்குடிக் குடும்பங்கள் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்ட செய்திகளை அறிந்தவர்கள், களத்து வேலையைக் குறித்து ஏக்கம் கொள்ள மாட்டார்கள்.

டெல்டாவின் ஆலை வரலாறு அரசின் திட்டங்களோடு பின்னிக் கிடக்கிறது. பசுமைப் புரட்சியின் விளைச்சல் பெருகத் தொடங்கிய 1960-களில், நவீன அரிசி ஆலைகளை நிறுவும் முயற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களுள் திருவாரூரும் ஒன்று. அந்த ஆலையை ஒட்டி 1967-இல் தொடங்கிய நெல் பதனிடும் ஆராய்ச்சி மையம் பின்னர் தஞ்சாவூருக்கு மாறி, பல பெயர் மாற்றங்களுக்குப் பின் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாக உயர்ந்தது. இன்று அதன் பெயர் தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனம், தஞ்சாவூர். ரப்பர் உருளை ஷெல்லர், இயந்திர உலர்த்தி, நவீனப் புழுங்கல் முறை என ஒவ்வோர் அலையிலும் அரிசியின் தரம் கூடியது. களத்திலும் தரையிலும் இருந்தவர்களின் எண்ணிக்கை குறைந்தது. இத்தகைய நவீனமயம் பெண்களின் வேலையை எப்படி விழுங்குகிறது என்பதைத் தமிழ்நாட்டின் நெல் வணிகத்தை நெடுங்காலம் ஆய்ந்த பார்பரா ஹாரிஸ்-வைட் போன்றோர் 1970-களிலிருந்தே எழுதி வந்தனர்.

இதே காலத்தில்தான் கீழ்வெண்மணி நிகழ்ந்தது. 1968 டிசம்பர் 25 இரவில் 44 தலித் உயிர்கள் குடிசைக்குள் எரிக்கப்பட்டதன் பின்னணியில் இருந்தது நெல் அளவில் கேட்கப்பட்ட சிறு கூலி உயர்வு. அதன் பின்னரே கணபதியா பிள்ளை ஆணையமும், 1969-ஆம் ஆண்டின் வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும் வந்தன. வயல் கூலிக்காக அவ்வளவு இரத்தம் சிந்திய இந்த மண்ணில், ஆலைக் கூலியின் வரிசைமுறை குறித்துப் பெரிய விவாதம் எழவேயில்லை. பின்னாளில் அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்கி அறுப்புக் கூலியையும் இல்லாமலாக்கியபோது, பெண்களுக்கு எஞ்சியவை நடவும் களையெடுப்பும் நூறுநாள் வேலையும், கிடைத்தால் ஆலை வேலையுமே.

இப்போதைய அலை வேகமானது. நியாயவிலைக் கடை அரிசியில் கறுப்பு, பழுப்பு மணிகள் கலந்திருப்பதாகப் புகார்கள் பெருகியதை அடுத்து, தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் ஆலைகளிலும், அதற்கு நெல் அரைத்துத் தரும் தனியார் ஆலைகளிலும் நிறம் பிரிக்கும் இயந்திரத்தைப் பொருத்துமாறு 2021 முதல் மாநில அரசு வலியுறுத்தியது. மக்களுக்கு நல்ல அரிசி கிடைக்க வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்து இருக்க முடியாது. நியாயவிலைக் கடை வரிசையில் நிற்பவர்களும் நம் மக்களே. செறிவூட்டப்பட்ட அரிசி வந்தபின் நூறு கிலோவுக்கு ஒரு கிலோ சத்து மணியைச் சீராகக் கலக்கும் கருவியும் ஆலைகளுக்குள் வந்தது. கொள்முதல் நிலையத்தில் பல்லால் கடித்துப் பார்த்த ஈரத்தை எண்மக் கருவி அளந்து 17 விழுக்காடா, அதற்கு மேலா என்று தீர்ப்பளிக்கிறது. 2025 அக்டோபரில் குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசல்களில் நனைந்து கிடந்தபோது அந்த 17-ஐ 22 ஆக்கக் கோரி விவசாயிகள் போராடியதை மறந்திருக்க மாட்டோம். அப்படி நனைந்த நெல்தான் ஆலைக்கு வந்து பழுப்பு மணியாகிறது. கேமராவுக்கு வேலை வைக்கிறது. இவை ஒரே சங்கிலியின் கண்ணிகள்.

இந்தச் சங்கிலியில் இயந்திரம் தொடாத இடம் ஒன்று உண்டு. அது மூட்டை தூக்கும் தோள். கேமராவும் உணர்கருவியும் உள்ள ஆலைகளிலும் லாரியிலிருந்து நெல்லையும், லாரிக்கு அரிசியையும் சுமப்பது பெரும்பாலும் மனிதர்களே; அவர்களுள் பெரும்பாலோர் தலித்துகள், அண்மைக்காலமாக வடமாநிலத் தொழிலாளர். முறத்தின் நுட்ப வேலையை இயந்திரமாக்கிவிட்டு, முதுகு ஒடியும் வேலையை மனிதர்க்கே விட்டுவைத்தது ஏன்? சுமை கூலி மலிவு. பிரிக்கும் தரத்துக்குச் சந்தையில் விலை உண்டு. இந்தக் கணக்கைப் போடுபவர் தொழில்நுட்பவியலாளர் அல்லர்.

‘திறன்’ பட்டியலை எழுதுவது யார்?

1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் அட்டவணையில் அரிசி ஆலை வேலை தொடக்கத்திலேயே இடம்பெற்றது. அச்சட்டத்தின் மசோதா 1946 ஏப்ரலில், வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அம்பேத்கர் இருந்தபோது நடுவண் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்டது என்பதையும் இங்கு நினைவூட்டுவது பொருந்தும். கூலிக்கு ஒரு தரை வேண்டும் என்றார்கள், தரை கிடைத்தது. அதன்மேல் எழுப்பப்பட்ட படிகளில் யார் எந்தப் படியில் நிற்பது என்பதைப் பின்வந்த அரசாணைகள் தீர்மானித்தன. இயந்திரத்தோடு சேர்ந்த பணிப்பெயர்கள் மேற்படியிலும், கையோடும் முறத்தோடும் சேர்ந்தவை அடிப்படியிலும் வைக்கப்படுவது இத்தகைய பட்டியல்களின் வழக்கம். முப்பது ஆண்டு அனுபவம் அடிப்படியிலிருந்து ஓர் அங்குலமும் உயர்த்தாது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்ததாக அறிவித்தது. பழைய தொழிற்சாலைச் சட்டத்தின்படி மின்விசை பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. புதிய தொகுப்பில் அந்த எண்ணிக்கை 20. டெல்டாவின் சிறு ஆலைகளுக்கு இதன் பொருள் என்ன? கேமராவும் உலர்த்தியும் வந்து ஆட்கள் 25-லிருந்து 15 ஆகக் குறைந்தால் எஞ்சிய 15 பேரும் தொழிற்சாலைப் பாதுகாப்புக்கு வெளியே போய்விடுவார்கள். இயந்திரம் சிலரின் வேலையை எடுக்கிறது. அந்தக் குறைவையே காரணமாக்கிச் சட்டம் மற்றவர்களின் பாதுகாப்பை எடுக்கிறது. சிறு ஆலைகளின் எண்மமயம் குறித்த விவாதங்களில் இந்த இரட்டை விளைவு பேசப்பட்டு நாம் கண்டதில்லை.

பயிற்சியின் பக்கம் வருவோம். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் 71-ஐ டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு இணைந்து ‘தொழில் 4.0’ மையங்களாக மாற்றும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2,877 கோடி ரூபாய் மதிப்பில் செயல்படுத்தியது. ரோபோ இயக்கமும் சி.என்.சி.யும் கற்று வெளிவரும் சேரி இளைஞர்களைக் கண்டு மகிழ்கிறோம். ஆனால் அந்த நிலையங்களின் வாசல் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் இருக்கிறது. ஆலைத் தரையில் வயது கழித்த பெண்களுள் பலர் அந்த வாசலுக்கு வெகுதொலைவில் நிறுத்தப்பட்டவர்கள். பயின்று வரும் மகனும் மகளும் திருப்பெரும்புதூருக்கோ ஓசூருக்கோ போகிறார்கள். உள்ளூர் ஆலையின் திரைக்கு முன் அவர்களை அமர்த்துவோர் அரிது. சிறு ஆலையில் வேலைக்கு விளம்பரம் கிடையாது, நேர்காணல் கிடையாது. உரிமையாளரின் நம்பிக்கையே தகுதி. நம்பிக்கை, சாதியின் தடத்தில்தான் ஓடுகிறது. பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள இயந்திரத்தை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி வரும்போது அந்தத் தடம் இன்னும் குறுகிவிடுகிறது.

ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் 18 மரபுத் தொழில்களைப் பட்டியலிட்டு, அவற்றைச் செய்வோருக்குப் பயிற்சியும் கடனும் தருகிறது. குடும்பத் தொழிலோடு பிணைக்கும் அதன் அணுகுமுறையை மறுத்து, தமிழ்நாடு அரசு கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த மறுப்பு சரியானதே. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொல்லரும் தச்சரும் பொற்கொல்லரும் சிற்பியும் அந்தப் பதினெட்டில் உண்டு. நெல் அவித்தவர், உலர்த்தியவர், அரிசி நாவியவர் இல்லை. சுவாமிமலைச் சிலைக்கும் நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்கும் புவிசார் குறியீடு வந்தபோது தஞ்சை மண் பெருமைப்பட்டது. சோறு உண்ணும் நாட்டில் அரிசியைச் சோற்றுக்குத் தகுதியாக்கிய கையறிவு ஒரு கைவினை என்று எவருக்கும் தோன்றவில்லை. அதைச் செய்தவர்கள் கைவினைஞர் சாதிகள் அல்லர், அவர்கள் ‘ஆள்கள்’.

கருவிகள் இல்லாமலும் இல்லை. ஏற்கெனவே அனுபவத்தால் கற்ற திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் ‘முன்கற்றல் அங்கீகாரம்’ பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் பகுதியாகப் பல ஆண்டுகளாக உள்ளது. தானிய ஆலை இயக்குநர் என்ற பணிப்பிரிவும் தேசியத் திறன் பட்டியலில் உண்டு. குறு உணவுத் தொழில்களுக்கு இயந்திர விலையில் 35 விழுக்காடு, 10 லட்சம் ரூபாய் வரை மானியம் தரும் ஒன்றியத் திட்டம் 2020 முதல் நடக்கிறது. அதற்கான பயிற்சியை வழிநடத்தும் இரு தேசிய நிறுவனங்களுள் ஒன்று நம் தஞ்சாவூரிலேயே, புதுக்கோட்டைச் சாலையில் இருக்கிறது. தாட்கோ 1974 முதல் இருக்கிறது. இவை அனைத்தும் ஒரே மாவட்டத்துக்குள் ஒன்றையொன்று சந்திக்காமல் இயங்குகின்றன. இயந்திரத்துக்கு மானியம் கேட்கும் ஆலையிடம் திட்ட அறிக்கை கேட்கிறார்கள், மின் இணைப்புச் சான்று கேட்கிறார்கள். இந்த இயந்திரத்தால் வேலை இழப்போர் எத்தனை பேர், அவர்களில் யாரை இயந்திரத்தில் அமர்த்தப் போகிறீர்கள் என்ற இரண்டு வரிகளைக் கேட்பதில்லை.

உரிமையாளராவதும் ஒரு வழி. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023 முதல் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு முதலீட்டு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. ஒன்றிய அரசின் கொள்முதலில் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினரின் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வர வேண்டும் என்பது 2012 முதல் ஆணை. ஆனால் நெல் ஆலை என்பது இயந்திரம் மட்டும் அல்ல. இருப்பு வைக்கக் கிடங்கு, அறுவடைக் காலத்தில் நெல் வாங்கப் பெருந்தொகை ரொக்கம், பாக்கி வைத்துக் கொடுக்கும் மண்டிக்காரரின் உறவு ஆகியவை சேர்ந்ததே ஆலை. மானியம் முதலாவதைத் தொடுகிறது. பின்னவை நிலத்தோடும் சாதியோடும் கட்டுண்டவை. பெரிய ஆலைகளோடு போட்டியிட முடியாமல் பிற சாதியாரின் சிறு ஆலைகளே மூடப்படும் காலத்தில், தனியொரு தலித் உரிமையாளர் நிலைப்பது கடினம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு வட்டாரத்தின் பல ஆலைகளுக்கு நிறம் பிரித்துத் தரும் பொதுச் சேவை மையத்தை, முன்னாள் ஆலைத் தொழிலாளரின் கூட்டுறவாக அமைப்பது இதைவிட நடைமுறைக்கு ஏற்றது என்று நாம் கருதுகிறோம். சிறு ஆலைக்கு இயந்திரக் கடன் மிச்சமாகும். அரிசி தெரிந்த கண் திரைக்கு முன் வரும்.

இது டெல்டாவுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயு, உருக்கு, தோல் போன்ற தொழில்களை இங்கு தடுத்தது. மண்ணைக் காக்கும் அந்தச் சட்டத்தை நாம் வரவேற்றோம். அதன் மறுபக்கம், இப்பகுதியில் ஆலைத் தொழில் என்றால் அது வேளாண் சார்ந்த தொழிலாகவே இருக்கும் என்பது. திருச்சிக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே வேளாண் தொழில் பெருந்தடம் அமைப்பதாகவும் மாநில அரசு அறிவித்திருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்டத்தில் மூன்றில் ஒருவர் பட்டியல் சாதியினர். அவர்களுள் நிலம் உள்ளோர் மிகக் குறைவு. ஆகவே அந்தப் பெருந்தடத்தின் ஆலைகளில் யார் திரைக்கு முன் அமர்வார், யார் மூட்டை சுமப்பார் என்பது இம்மாவட்டங்களின் அடுத்த தலைமுறைக் கூலியைத் தீர்மானிக்கும் கேள்வி.

ஆகவே நாம் கேட்பவை சில. இயந்திர மானியத்துக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வோர் ஆலையும் இப்போதுள்ள தொழிலாளர் பட்டியலைத் தர வேண்டும். புதிய இயந்திரத்தின் பணியிடங்களில் முதல் உரிமை அப்பட்டியலில் உள்ளோருக்கு இருக்க வேண்டும். அரிசி ஆலைக்கான கூலி ஆணை அடுத்து திருத்தப்படும்போது அவித்தல், உலர்த்தல், தரம் பிரித்தல் ஆகியவை திறன் பெற்ற பணிகளாக எழுதப்பட வேண்டும். அரசே வாடிக்கையாளராக இருக்கும் அரவை ஒப்பந்தங்களில் இதைத் தொடங்குவது எளிது. இயந்திரம் வேண்டும் என்று வலியுறுத்த முடிந்த அரசால் இதையும் வலியுறுத்த முடியும். தஞ்சாவூர் நிறுவனம் தன் பயிற்சியை வளாகத்துக்குள் வைத்துக்கொள்ளாமல் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் அம்மாப்பேட்டைக்கும் ஆலை வாசல்வரை கொண்டுவர வேண்டும். திரையின் சொற்கள் தமிழில் இருக்க வேண்டும். எழுத்தறியாத பெண்ணும் செல்பேசித் திரையைக் கையாளும் காலம் இது. உணர்திறன் அளவை மேலே தள்ளுவதும் கீழே இறக்குவதும் அதைவிடக் கடினமானது அல்ல. எப்போது தள்ள வேண்டும் என்பதுதான் கடினம். அது அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

இதற்குக் காலமும் அருகில்தான். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கும், குறுவை நெல் ஆலைக்கு வரத் தொடங்கும் புரட்டாசிக்கும் இடையில் ஆலைகளில் வேலை தளர்ந்திருக்கும். சம்பா நெல் தீர்ந்து, இயந்திரங்களைப் பழுது பார்க்கும் அந்த ஆடி, ஆவணி நாட்களில்தான் விற்பனை நிறுவனத்தாரின் பொறியாளரும் கேமராவைத் துடைத்து அளவு சரிபார்க்க வருவார். அவர் வரும் அன்று ஆலையின் பழைய கூலிப் பதிவேட்டிலுள்ள பெண்களுக்கும் சொல்லி அனுப்பச் செய்ய மாவட்ட நிர்வாகத்துக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.